பள்ளி ஆசிரியர், 27 வயதில் மேயர்: ழான்-மார்க் ஏரோவின் தொடக்க ஆண்டுகள்

பிரெஞ்சு அரசியல்வாதிகளின் வாழ்க்கைக் குறிப்பைப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். 2012 மே மாதம் பிரான்சின் பிரதமரான ழான்-மார்க் ஏரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். "1973 முதல் 1986 வரை ஜெர்மன் மொழி ஆசிரியர், 1976-ல் பொது மன்ற உறுப்பினர், 1977-ல் மேயர், 1986-ல் நாடாளுமன்ற உறுப்பினர், 1989-ல் வேறொரு ஊருக்கு மேயர்" என்று போகும் குறிப்பு. ஆண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. மேயரான பிறகும் வகுப்பு எடுத்தாரா? ஒரே ஆள் மேயராகவும் எம்.பி.யாகவும் இருக்கலாமா? அரசு ஊதியம் வாங்கும் ஆசிரியர் தேர்தலில் நிற்கச் சட்டம் இடம் தருகிறதா?

அவர் பிரதமரானபோது, அதற்கு முன் ஒருநாள்கூட அமைச்சராக இருந்ததில்லை என்பதைப் பெரிய குறையாகப் பேசினார்கள். என் பார்வையில் அந்தப் பேச்சு பிரான்சின் உள்ளாட்சி எப்படி இயங்குகிறது என்பதையே தவறவிட்டது. அவருடைய அனுபவம் பாரிசில் இல்லை, மேற்கு பிரான்சில் நாந்த் நகரத்தை ஒட்டிய ஒரு புறநகரில் இருந்தது. அது எப்படி உருவானது என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு

1. கொம்யூன்: பிரான்சின் கடைசி நிலை நிர்வாகப் பிரிவு. ஐம்பது பேர் வாழும் குக்கிராமமும் கொம்யூன்தான், லியோன் மாதிரியான பெருநகரமும் கொம்யூன்தான். நாடு முழுக்க ஏறக்குறைய 35,000 இருக்கின்றன. (புதுச்சேரியில் இன்றும் கொம்யூன் பஞ்சாயத்துகள் இருப்பது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தின் தொடர்ச்சி.)

2. மேயர்: மக்கள் நகர மன்றத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள், மன்றம் தன் உறுப்பினர்களில் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுக்கிறது. பட்டியலாகப் போட்டி நடக்கும் ஊர்களில் பட்டியலின் தலைவர்தான் மேயராகப் போகிறார் என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். இவர் வெறும் அலங்காரப் பதவிக்காரர் அல்ல. ஊழியர்களை நியமிப்பது, வரவு செலவுத் திட்டம் போடுவது, தொடக்கப்பள்ளிக் கட்டடங்களைப் பராமரிப்பது, திருமணம் பதிவது என ஊரின் நிர்வாகத் தலைவரே அவர்தான்.

3. பொது மன்றமும் கன்டோனும்: கொம்யூனுக்கு மேலே தெபார்த்மான், நம் கணக்கில் மாவட்டம். அதன் மன்றத்துக்கு அப்போது பொது மன்றம் என்று பெயர். 2015 முதல் பெயரும் மாறியது, தேர்தல் முறையும் மாறியது. கன்டோன் என்பது அந்த மன்றத்துக்கான தொகுதி. ஒரு தொகுதிக்கு ஓர் உறுப்பினர், இரண்டு சுற்று வாக்கெடுப்பு, ஆறு ஆண்டுப் பதவி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாதி இடங்களுக்குத் தேர்தல். அன்றைய நடைமுறை இது.

4. பிரிஃபெக்ட்: மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதி. 1982 வரை உண்மையான அதிகாரம் இவர் கையில்தான் இருந்தது. மாவட்ட நிர்வாகத்தை நடத்தியவரும் இவர், மேயர்களின் முடிவுகளை மேற்பார்வை செய்தவரும் இவர்.

ஆலைத் தொழிலாளியின் மகன்

ஏரோ 1950 ஜனவரி 25 அன்று மேன்-எ-லுவார் மாவட்டத்தில் மொலேவ்ரியே என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா துணி ஆலைத் தொழிலாளி, அம்மா தையல் வேலை செய்தவர். ஷோலே நகரைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியில் துணியும் காலணியும்தான் பிழைப்பு, ஞாயிற்றுக்கிழமை தேவாலயம், தேர்தலில் வலதுசாரிகளுக்கு ஓட்டு என்று தலைமுறைகளாக ஓடிக்கொண்டிருந்த மண். இங்கிருந்து ஒரு சோசலிஸ்ட் வருவது எப்படி என்று கேட்டால், பதில் தேவாலயத்துக்குள்ளேயே இருக்கிறது. கிராமப்புறக் கிறிஸ்தவ இளைஞர் இயக்கம் என்ற கத்தோலிக்க அமைப்பில் அவர் வளர்ந்தார். மேற்கு பிரான்சில் 1960-களில் இப்படிப்பட்ட இளைஞர் இயக்கங்கள் பக்தியோடு நிற்கவில்லை, கூலி, நிலம், கூட்டுறவு என்று பேசப் பழக்கின. அவற்றில் பயிற்சி பெற்ற பலர் பிறகு தொழிற்சங்கங்களுக்கும் இடதுசாரிக் கட்சிகளுக்கும் போனார்கள்.

1968-ல் அவர் நாந்த் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் படிக்கச் சேர்ந்தார். அந்த ஆண்டு மே மாதம்தான் நாந்துக்குப் பக்கத்தில் புகெனே என்ற இடத்தில் இருந்த சூத்-அவியாசியோன் விமானத் தொழிற்சாலையைத் தொழிலாளர்கள் கைப்பற்றி உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். நாடு தழுவிய வேலைநிறுத்தத்தின் முதல் ஆலை முற்றுகை அது. அதன் சூடு ஆறாத நகரத்தில் அவருடைய கல்லூரிக் காலம் தொடங்கியது. நடுவில் சில காலம் ஜெர்மனியின் வூர்ட்ஸ்புர்க் நகரில் படித்தார். 1972-ல் காப்பெஸ் என்ற தேர்வில் தேறினார். இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களைத் தேசிய அளவில் தேர்ந்தெடுக்கும் போட்டித் தேர்வு இது, தேறினால் நிரந்தர அரசுப் பணி. 1973-லிருந்து சென்-எர்ப்லேன் என்ற புறநகரில் ஜெர்மன் ஆசிரியர்.

ஆசிரியர் வேலை ஏன் அரசியலுக்கு வாகாக இருந்தது

பிரான்சில் ஆசிரியர்கள் அரசியலுக்கு வருவது ஒன்றும் புதிதல்ல. 1880-களில் இலவச, கட்டாய, மதச்சார்பற்ற கல்வி வந்ததிலிருந்தே கிராமத்து ஆசிரியர் என்றால் குடியரசின் ஆள் என்றுதான் பொருள். பல சிற்றூர்களில் பள்ளியும் நகர மன்றமும் ஒரே கட்டடத்தில் இருந்தன, ஆசிரியரே மாலையில் நகர மன்றச் செயலாளராகக் கணக்கும் எழுதினார். 1981-ல் சோசலிஸ்ட் தலைவர் மித்தரான் குடியரசுத் தலைவரான பிறகு தேர்வான நாடாளுமன்றத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் கல்வித் துறையைச் சேர்ந்தவர்.

இதற்குக் காரணம் ஆசிரியர்கள் நன்றாகப் பேசுவார்கள் என்பது மட்டும்தான் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வழக்கறிஞர்களும் பேசுவார்கள். காரணங்கள் வேலையின் சட்ட அமைப்பில் இருக்கின்றன.

1. நேரம். 1950-ம் ஆண்டு ஆணைப்படி காப்பெஸ் தேறிய ஆசிரியருக்கு வாரத்துக்கு 18 மணி நேர வகுப்பு. பாடம் தயாரிப்பது, விடைத்தாள் திருத்துவது எல்லாம் இதற்கு மேல்தான், ஆனால் அந்த வேலையை எப்போது செய்வது என்பது அவர் கையில் இருக்கிறது. மாலைக் கூட்டங்களுக்கும் வீடு வீடாகப் போவதற்கும் நேரம் கிடைக்கும். ஆலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவருக்கு இது கிடையாது.

2. வேலை போகாது. அரசு ஊழியர் தேர்தலில் நிற்கலாம், தோற்றால் மறுநாள் வகுப்புக்குப் போகலாம். பிரிஃபெக்ட், நீதிபதி மாதிரியான சில பதவிகளில் இருப்பவர்களுக்குத் தாங்கள் பணியாற்றும் பகுதியில் நிற்கத் தடை உண்டு, இடைநிலைப் பள்ளி ஆசிரியருக்கு அந்தத் தடை இல்லை.

3. வென்றாலும் வேலை போகாது. மேயர் பதவியோடு ஆசிரியர் பணியைத் தொடரலாம். நாடாளுமன்ற உறுப்பினரானால்தான் வகுப்பை விட வேண்டும், அப்போதும் அயற்பணி என்ற ஏற்பாட்டின்படி அவருடைய பணியிட உரிமை, பதவி உயர்வு, ஓய்வூதியக் கணக்கு எல்லாம் தொடர்ந்தன.

4. முகம் தெரியும். மூன்று நான்கு ஆண்டு ஒரே புறநகரில் பாடம் நடத்தினால் சில நூறு குடும்பங்களுக்கு அவர் பெயர் பழக்கம். ஏரோவின் விஷயத்தில் இது முக்கியம், ஏனென்றால் அவர் அந்த ஊர்க்காரர் அல்ல.

ஆக, 1973 முதல் 1986 வரை ஆசிரியர் என்பதும் 1977-ல் மேயர் என்பதும் முரண் அல்ல. இரண்டும் ஒன்றாகவே நடந்தன. மேயர் பதவி என்பது சட்டப்படி சம்பளமில்லாத பொறுப்பு, ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து ஓர் ஈட்டுத்தொகை மட்டும் உண்டு.

ஆள் தேடிக்கொண்டிருந்த கட்சி

வேலை வாகாக இருந்தால் மட்டும் போதாது, கதவு திறந்திருக்கவும் வேண்டும். அந்தக் கதவு 1971 ஜூனில் திறந்தது. எப்பினே மாநாட்டில் சோசலிஸ்ட் கட்சி புதிதாகக் கட்டப்பட்டு மித்தரான் அதன் முதல் செயலாளரானார். அடுத்த ஆண்டே கம்யூனிஸ்ட் கட்சியோடு பொதுத் திட்டம் கையெழுத்தானது. ஏரோ இந்தப் புதிய கட்சியில் சேர்ந்தார். உள்ளே பல குழுக்கள், அவர் போனது ழான் பொப்ரெனின் குழுவுக்கு. பொப்ரென் வரலாற்று ஆசிரியர், முன்னாள் கம்யூனிஸ்ட், மேன்-எ-லுவாரின் தலைநகரான ஆன்ஷேயில் பிறந்தவர். இடதுசாரிக் கூட்டணியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தவர்.

நாந்தில் இந்த நிலைப்பாட்டுக்குத் தனி அர்த்தம் இருந்தது. 1965 முதல் நகர மேயராக இருந்தவர் ஆந்த்ரே மோரீஸ், மைய-வலது சாய்வுள்ளவர். பழைய சோசலிஸ்டுகள் அவருடைய நிர்வாகத்தில் கூட்டாளிகளாக உட்கார்ந்திருந்தார்கள். கம்யூனிஸ்டுகளோடு கூட்டணி என்பது பாரிசில் எடுத்த முடிவு, அதை நாந்தில் நடைமுறைப்படுத்த வேண்டுமென்றால் பழைய கூட்டை முறிக்க வேண்டும், முறித்தால் பழைய ஆட்களை வைத்துக்கொண்டு நிற்க முடியாது, புதிய ஆட்கள் வேண்டும். படித்த, பழைய கூட்டணியின் கறை படாத, ஊரில் ஓரளவு தெரிந்த இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு இப்படித்தான் இடம் கிடைத்தது. திறமை இல்லாமல் இல்லை, ஆனால் இந்த வெற்றிடம் இல்லாமல் ஏரோவின் வேகத்தை விளக்கவே முடியாது.

1976 மார்ச்சில் நடந்த கன்டோன் தேர்தலில் அவர் நாந்த் இருக்கும் லுவார்-அட்லாந்திக் மாவட்டத்தின் பொது மன்றத்துக்குத் தேர்வானார். வயது 26. மாவட்ட மன்றத்தில் வலதுசாரிகள் வலுவாக இருந்தார்கள், எதிர்க்கட்சி வரிசையில் இருந்த இளைஞரால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. ஆனால் அடுத்த ஆண்டு மேயர் தேர்தல் வருகிறது, அதற்கான ஒத்திகை இந்த வெற்றி.

1977: வென்றவருக்கே எல்லாம்

சென்-எர்ப்லேனில் அப்போது மேயர் மிஷேல் ஷோத்தி. தெ கோலின் வழிவந்த வலதுசாரிக் கட்சியான கோலிஸ்ட் கட்சிக்காரர், செனட்டர், அந்த ஊரைப் பன்னிரண்டு ஆண்டு நிர்வகித்தவர். 27 வயது ஆசிரியர் அவரைத் தோற்கடித்தார். 30,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள பிரெஞ்சு நகரங்களின் மேயர்களில் அப்போது மிக இளையவர் ஏரோதான்.

இதைத் தனி ஒருவரின் சாதனையாகப் படித்தால் பாதிதான் புரியும். மற்ற பாதி தேர்தல் விதியில் இருக்கிறது. 1964-ம் ஆண்டு சட்டப்படி 30,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் முழுப் பட்டியலுக்குத்தான் ஓட்டு, பெயர்களை அடிக்கவோ சேர்க்கவோ முடியாது, வென்ற பட்டியலுக்கு மன்றத்தின் எல்லா இடங்களும் போகும். தோற்றவர்களுக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது. இரண்டு சுற்றுக்கும் நடுவில் பட்டியல்களை இணைக்கவும் வழியில்லை. அதனால் சோசலிஸ்டுகளும் கம்யூனிஸ்டுகளும் முதல் சுற்றுக்கு முன்பே ஒரே பட்டியலாகச் சேர்ந்தாக வேண்டும், சேர்ந்தால் வெற்றி முழு வெற்றி. எப்பினேயில் எடுத்த முடிவும் இந்த விதியும் ஒன்றுக்கொன்று பொருந்தின.

இன்னொன்று, வாக்காளர்கள் மாறியிருந்தார்கள். 1974-ல் வாக்குரிமை வயது 21-லிருந்து 18 ஆனது, எனவே 18 முதல் 20 வயதுவரை உள்ளவர்கள் நகர மன்றத் தேர்தலில் வாக்களித்தது 1977-ல்தான் முதல்முறை. ஊரே வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. நாந்துக்கும் சென்-எர்ப்லேனுக்கும் நடுவில், இரண்டு எல்லைகளிலும் பரவி, பெல்வு என்ற பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு 1960-களில் எழுந்தது. புதிதாகக் குடிவந்த இளம் குடும்பங்களுக்குப் பழைய மேயரோடு எந்தப் பழைய உறவும் இல்லை.

அதே மார்ச் மாதத்தில் நாந்தில் அலென் ஷெனார் வென்றார், ரென், ஆன்ஷே, பிரெஸ்ட் நகரங்களும் இடதுசாரிகள் கைக்கு வந்தன. ரென் நகரின் புதிய மேயர் எத்மோன் எர்வேயும் சட்டம் கற்பித்த ஆசிரியர்தான், அவர் 2008 வரை பதவியில் இருந்தார். கத்தோலிக்க மேற்கு ஒரே தேர்தலில் நிறம் மாறியது.

மேயர் நாற்காலியில் கற்றவை

இந்தப் பகுதிதான் பலருடைய குறிப்புகளில் ஒரே வரியில் கடந்துபோகிறது, எனக்கோ இதுதான் முக்கியம். ஏரோ சென்-எர்ப்லேனில் 1977 முதல் 1989 வரை, இரண்டு பதவிக்காலம் மேயர். இந்தப் பன்னிரண்டு ஆண்டுக்கு நடுவில்தான் மேயர் என்ற பதவியின் உள்ளடக்கமே மாறியது.

முதல் ஐந்து ஆண்டு அவர் வேலை செய்தது பழைய முறையில். நகர மன்றம் முடிவெடுத்தாலும் பிரிஃபெக்டின் மேற்பார்வை அதன் தலைக்கு மேல் இருக்கும். 1982 மார்ச் 2 அன்று, உள்துறை அமைச்சர் கஸ்தோன் தெஃபேரின் முன்முயற்சியில் அதிகாரப் பரவல் சட்டம் வந்தது. தெஃபேரே பல ஆண்டுகளாக மார்செய் நகர மேயர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் விளைவு இரண்டு:

1. நகர மன்ற முடிவுகளுக்கு முன் அனுமதி தேவையில்லை. சட்டத்துக்கு முரண் என்று பிரிஃபெக்ட் கருதினால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம், தானே ரத்து செய்ய முடியாது.

2. மாவட்ட நிர்வாகம் பிரிஃபெக்டிடமிருந்து பொது மன்றத் தலைவரிடம் போனது. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சட்டத்தால், நகர்த்திட்டம் தயாராக உள்ள ஊர்களில் கட்டட அனுமதி தரும் அதிகாரம் மேயருக்கு வந்தது.

வேகமாக வளரும் புறநகருக்குக் கட்டட அனுமதி என்பது எவ்வளவு பெரிய அதிகாரம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கே கடைகள், எங்கே தொழில், எங்கே வாடகை வீடு என்பதை ஊரே தீர்மானிக்கலாம். கலைக்குச் செலவு செய்வதையும் அவர் அங்கேதான் தொடங்கினார். கட்டடக் கலைஞர் ழான் நுவெல் வடிவமைத்த ஓனிக்ஸ் என்ற அரங்கம், கறுப்புக் கனசதுரமாக, 1988-ல் சென்-எர்ப்லேனில் திறந்தது. பெரிய நகரத்தின் நிழலில் கிடக்கும் புறநகர் இப்படி ஒரு கட்டடத்தைக் கட்டலாமா என்று கேட்டிருக்கலாம். அவர் கட்டினார். பிறகு நாந்தில் செய்ததற்கெல்லாம் இதில் தொடக்கம் இருக்கிறது.

1983 தேர்தல் இன்னொரு பாடம். ஆட்சியிலிருந்த இடதுசாரிகள் நாடு முழுக்க நகரங்களை இழந்தார்கள். நாந்தும் போனது. அங்கே வென்றவர் யார் தெரியுமா? ஆறு ஆண்டுக்கு முன் சென்-எர்ப்லேனில் ஏரோவிடம் தோற்ற அதே ஷோத்தி. ஷெனாரின் நிர்வாகம் தொடங்கிய டிராம் திட்டத்தை ஷோத்தி எதிர்த்தார், ஆனால் வேலை மிகவும் முன்னேறியிருந்ததால் நிறுத்த முடியவில்லை. 1985 ஜனவரியில் டிராம் ஓடத் தொடங்கியது, பிரான்சில் புதிய தலைமுறை டிராமை முதலில் ஓட்டிய நகரம் நாந்த். இந்த அலையிலும் ஏரோ தன் ஊரைத் தக்கவைத்துக்கொண்டார். பெரிய நகரம் போய், பக்கத்துப் புறநகர் நின்றது. அந்த வட்டாரத்தில் கட்சியின் முதன்மை முகம் யார் என்ற கேள்விக்கு அன்றே விடை கிடைத்துவிட்டது.

1986-லும் 1989-லும் நடந்தது

1981 வெற்றி அலையில் அவர் நாடாளுமன்றம் போகவில்லை. கட்சியின் தேசிய அமைப்புகளில் இடம்பெற்றிருந்தார், 1982-ல் பொது மன்றத்தை விட்டு விலகினார், மேயராகவும் ஆசிரியராகவும் தொடர்ந்தார். 1986 தேர்தலுக்கு மட்டும் மித்தரான் ஆட்சி விதியை மாற்றி, மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்து விகிதாச்சார முறையைக் கொண்டுவந்தது. பட்டியலில் நல்ல வரிசை கிடைத்தால் தனித்தொகுதிச் சண்டை இல்லாமலே வெல்லலாம். அவர் அப்படித்தான் முதல்முறை நாடாளுமன்றம் போனார், அப்போதுதான் பள்ளியை விட்டார். 1988-ல் பழைய தனித்தொகுதி முறை திரும்பியபோதும் வென்றார்.

1989-ல் உடல்நலம் குன்றிய ஷோத்தி நாந்தில் மீண்டும் நிற்கவில்லை. ஏரோ தன் பாதுகாப்பான புறநகரை விட்டுவிட்டு அங்கே போட்டியிட்டு, முதல் சுற்றிலேயே, பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளோடு வென்றார். நகரத்தின் கப்பல் கட்டும் தளம் மூடி இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. கிடப்பில் போடப்பட்ட இரண்டாவது டிராம் வழித்தடத்தை அவர் மீண்டும் கையில் எடுத்தார், 1992-ல் அது திறந்தது. 2012 வரை நாந்தின் மேயரும் அவரே, அதே நேரத்தில் நாடாளுமன்ற உறுப்பினரும் அவரே.

இந்தப் பாதையில் வெளியே நின்றவர்கள்

ஒரு தொழிலாளியின் மகன் பிரதமரானது உண்மை. ஆனால் அவர் தொழிலாளியாக இருந்து அங்கே போகவில்லை, ஆசிரியரான பிறகே போனார். அவருடைய அப்பாவைப் போல ஆலையில் வேலை பார்த்த ஒருவர் 1977-ல் மேயராக விரும்பியிருந்தால் நேரமும் வேலைப் பாதுகாப்பும் அவருக்கு எங்கிருந்து வரும்? கம்யூனிஸ்ட் கட்சி தொழிலாளர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தந்து கட்சிப் பணியில் அமர்த்தி இந்தத் தடையைத் தாண்ட முயன்றது, சோசலிஸ்ட் கட்சி பெரும்பாலும் அரசுப் பள்ளிகளிலிருந்தே ஆள் எடுத்தது. தனியார் துறை ஊழியர்களுக்கும் மன்றப் பணிக்கான நேரமும் பயிற்சி உரிமையும் தரும் விரிவான சட்டம் 1992 பிப்ரவரியில்தான் வந்தது. அது மிகத் தாமதம் என்பது என் கருத்து. அதற்குள் ஒரு முழுத் தலைமுறையின் மேயர் பதவிகள் நிரம்பிவிட்டன.

இப்போது அந்தப் பாதையே மாறிவிட்டது, மாற்றியதில் ஏரோவின் அரசுக்கும் பங்குண்டு. 2013 அக்டோபரில் வந்த பொதுவாழ்வு வெளிப்படைத்தன்மைச் சட்டத்துக்குப் பிறகு, நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகும் அரசு ஊழியருக்கு அயற்பணிச் சலுகை கிடையாது. பணியிடம் காத்திருக்கும், ஆனால் பதவி உயர்வும் ஓய்வூதியக் கணக்கும் நின்றுவிடும். 2014 பிப்ரவரி 14-ம் தேதிச் சட்டம் நாடாளுமன்ற உறுப்பினர் மேயராகவும் இருப்பதைத் தடை செய்தது, 2017 தேர்தலிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. 1986-ல் ஏரோ செய்ததைப் போல வகுப்பறையிலிருந்து நேராக நாடாளுமன்றம் போய், கூடவே ஊரின் மேயர் நாற்காலியையும் வைத்துக்கொள்ள இன்றைய ஓர் ஆசிரியரால் முடியாது. இரண்டில் ஒன்றை விட்டாக வேண்டும், நகர மன்றத்தில் வெறும் உறுப்பினராக மட்டும் தொடரலாம்.